கோடும் குடிகளும்

நிக்கராகுவா நாடு 1937 ஆம் ஆண்டிலே விமானத் தபாலுக்கென முத்திரை ஒன்றை வெளியிட்டது. இரண்டு விரல்களுக்கிடையே அடங்கிவிடும் அச்சிறு கடதாசித் துண்டிலே அந்நாட்டின் தேசப்படம் வரையப்பட்டிருந்தது. படத்தின் வடபாகத்திலே, அயல்நாடாகிய ஹொண்டூராஸ் தன்னுடையதென்று கொண்டிருந்த பெருநிலப் பரப்பொன்று 'வழக்கிலுள்ள பிரதேசம்' என்னும் குறிப்புடன் காட்டப்பட்டிருந்தது. அவ்வளவுதான். ஹொண்டூராஸ் அரசாங்கம் வன்மையாகக் கண்டித்தது. மக்கள் வீதிக்கு வந்தனர். வானொலிகளும் பத்திரிகைகளும் ஒன்றையொன்று ஏசின. ஐக்கிய அமெரிக்கா, கொஸ்தா ரிக்கா, வெனிசுவேலா என்னும் மூன்று நாடுகள் நடுவே புகுந்து சமாதானம் பேசின. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலே, படைபலத்தை நாடுவதில்லையென இரு நாடுகளும் உடன்பட்ட பின்னரே சினம் சற்றுத் தணிந்தது.

முத்திரை விலையால் அற்பமானது. ஆயின் அதிலிருந்த கோடு அற்பமானதன்று. மத்திய அமெரிக்க நாடுகளின் கடந்த இருநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டுவோர், பக்கத்துக்குப் பக்கம் இத்தகைய கோடுகளையே காண்பர். ஒரே மொழியைப் பேசி, ஒரே சமயத்தைத் தழுவி, ஒரே நாளில் விடுதலை பெற்ற சகோதர நாடுகள், ஆற்றுக்காகவும் காட்டுக்காகவும் மேய்ச்சல் நிலத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வந்திருக்கின்றன. இவ்வழக்குகள் எவ்வாறு தோன்றின? எவ்வாறு தீர்ந்தன? தீர்ந்த பின்னர், அக்கோட்டின் மேல் குடியிருந்தவர்கள் கதி யாதாயிற்று? இக்கேள்விகளை இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டுப் பிள்ளைகள்

மாணவர்கள் தேசப்படத்தை விரித்து நோக்குக. வடக்கே மெக்சிக்கோவுக்கும் தெற்கே கொலம்பியாவுக்கும் இடையே, இரண்டு சமுத்திரங்களைப் பிரித்து நிற்கும் ஒடுங்கிய நிலத்திலே ஏழு நாடுகள் உள்ளன. அவற்றுள் பனாமா 1903 ஆம் ஆண்டு வரையும் கொலம்பியாவைச் சேர்ந்திருந்தது. பெலீஸ் பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்து 1981 இல் சுதந்திரம் பெற்றது. எஞ்சிய ஐந்தும், அதாவது குவாத்தமாலா, ஹொண்டூராஸ், எல் சல்வடோர், நிக்கராகுவா, கொஸ்தா ரிக்கா என்பன, ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஸ்பானிய மன்னரின் ஆட்சியிலே குவாத்தமாலாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே நிருவாகத்தின் மாகாணங்களாக அவை இருந்தன. 1821 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆந் திகதி விடுதலை அறிவிக்கப்பட்டது. இன்றும் ஐந்து நாடுகளும் அத்தினத்தையே தத்தம் சுதந்திர தினமாகக் கொண்டாடுகின்றன. 1823 இல் ஐந்தும் கூடி ஒரு கூட்டாட்சியை நிறுவின. அது 1838 முதல் உடைந்து சிதறிப்போயிற்று.

சகோதரர் கூடி வாழும் வரையில் வளவுக்குள் எல்லை எதற்கு? பாகம் பிரிக்கும்போதுதான் எல்லை வேண்டியதாகின்றது. புதிய குடியரசுகள் இதற்கு ஒரு விதியைக் கைக்கொண்டன. ஸ்பானிய ஆட்சி முடிந்த நாளிலே எந்த மாகாணத்துக்கு எந்நிலம் உரியதாயிருந்ததோ, அந்நிலமே அம்மாகாணத்திலிருந்து பிறந்த நாட்டுக்கும் உரியது என்பதே அவ்விதி. கேட்பதற்கு இது நேர்மையாகவும் எளிதாகவும் தோன்றும். நடைமுறையிலோ முள்ளில் விழுந்த சேலையாயிற்று. ஸ்பானிய மன்னர்கள் அக்காடுகளை முறையாக அளந்தவர்களல்லர். தேசாதிபதியின் அதிகார எல்லை ஒன்றாகவும், மேற்றிராணியாரின் சமய எல்லை வேறொன்றாகவும் இருந்தன. ஒரே ஆறு இரண்டு பத்திரங்களிலே இரண்டு பெயர்களால் வழங்கிற்று. ஆண்டவர்கள் எல்லோரும் ஒரே மன்னரின் ஊழியராயிருந்த காலத்தில் இக்குழப்பத்தால் எவருக்கும் நட்டமில்லை. பின்னர் அதுவே ஐந்து நாடுகளின் நித்திரையைக் கெடுத்தது.

அன்றியும், யாரும் விரும்பாத நிலத்துக்கு ஒரு நாள் விலை வந்துவிடுவதுண்டு. குவாத்தமாலாவுக்கும் ஹொண்டூராஸுக்கும் இடையிலுள்ள மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கு அதற்கு நல்ல உதாரணம். நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த அப்பள்ளத்தாக்கு வாழைச் செய்கைக்கு உகந்ததென்று கண்டதும், அமெரிக்க வாழைப்பழக் கம்பனிகள் அங்கே வந்து சேர்ந்தன. யுனைற்றெட் புரூட் கம்பனி குவாத்தமாலாப் பக்கத்தில் நின்றும், குயாமெல் கம்பனி ஹொண்டூராஸ் பக்கத்தில் நின்றும் தோட்டங்களை விரித்தன. கம்பனிகளின் போட்டி அரசாங்கங்களின் பகையாக வளர்ந்தது. 1929 இல் ஒரு கம்பனி மற்றதை விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டே இரு அரசாங்கங்களும் நடுத்தீர்ப்புக்கு இணங்கின! ஐக்கிய அமெரிக்காவின் பிரதம நீதியரசர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் தலைமையிலான நியாயசபை, ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படங்களின் துணைகொண்டும் ஆராய்ந்து, 1933 ஆம் ஆண்டு சனவரி 23 ஆந் திகதி தீர்ப்பளித்தது. ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மன்னரின் தீர்ப்பும் ஒரு தந்தியும்

முத்திரைக் கலகத்துக்கு வருவோம். ஹொண்டூராஸுக்கும் நிக்கராகுவாவுக்கும் இடையே கரீபியன் கடலோரமாகப் பரந்து கிடக்கும் காட்டுப் பிரதேசம் மொஸ்கிற்றியா எனப்படும். இதனைப் பங்கிடுவதற்கு இரு நாடுகளும் 1894 இல் ஓர் உடன்படிக்கை செய்தன. இருதரப்பாரும் பேசி முடியாத பகுதியை நடுவர் தீர்ப்புக்கு விடுவதென்பது அதன் ஏற்பாடு. ஈற்றில் நடுவராக அமைந்தவர் ஸ்பானிய மன்னர் பதின்மூன்றாம் அல்பொன்சோ. எந்த ஆட்சியினின்றும் விடுதலை பெற்றார்களோ, அந்த ஆட்சியின் வாரிசையே நடுவராகக் கொண்டது விந்தையாகத் தோன்றலாம். ஆயின், பழைய பத்திரங்கள் எல்லாம் அவருடைய சுவடிச்சாலையிலேயே இருந்தன. 1906 ஆம் ஆண்டு டிசெம்பர் 23 ஆந் திகதி அவர் தீர்ப்பை வெளியிட்டார். கிராசியாஸ் அ டியோஸ் முனையிலிருந்து கோக்கோ நதி வழியாக எல்லை செல்லுமென்று வகுத்து, நதிக்கு வடக்கேயுள்ள நிலத்தை ஹொண்டூராஸுக்கு அளித்தார்.

தீர்ப்பு வெளியாகி இரண்டு நாட்களில், நத்தார் தினத்தன்று, நிக்கராகுவாவின் சனாதிபதி ஹோசே சாந்தோஸ் செலாயா ஹொண்டூராஸ் சனாதிபதிக்கு ஒரு தந்தி அனுப்பினார். வெற்றி உமதே என வாழ்த்தி, சகோதர நாடுகள் இரண்டின் நல்லுறவுக்கு முன்னே ஒரு கீற்று நிலம் கூடினாலென்ன, குறைந்தாலென்ன என்ற கருத்தை அதில் தெரிவித்தார். பெருந்தன்மையான வார்த்தை! ஆயினும், ஆட்சி மாறியதும் மனமும் மாறியது. 1912 இல் நிக்கராகுவா அத்தீர்ப்புச் செல்லாதென்று வாதிடத் தொடங்கிற்று. அதன் பின் வந்ததே 1937 இன் முத்திரை. 1957 இல் ஹொண்டூராஸ் அப்பகுதியைத் தனி மாவட்டமாக்கியதும், மொக்கொரோன் என்னுமிடத்திலே துப்பாக்கிகளும் பேசின. அமெரிக்க நாடுகளின் ஸ்தாபனம் தலையிட்டு இருவரையும் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குச் செல்ல இணங்கச் செய்தது.

1960 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆந் திகதி, பதினான்கு நீதிபதிகள் ஒருபுறமாகவும் ஒருவர் மட்டும் மறுபுறமாகவும் நிற்க, மன்னரின் தீர்ப்பு செல்லுபடியானதே என்று நீதிமன்றம் முடிவுகூறிற்று. நிக்கராகுவா தன் சொல்லாலும் செயலாலும் அத்தீர்ப்பை ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றதைப் பின்னர் மறுத்தல் ஆகாது என்பதே முக்கிய நியாயம். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய அந்த வாழ்த்துத் தந்தியும் அங்கே சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. நிக்கராகுவா தீர்ப்புக்குப் பணிந்தது.

இத்துடன் கதை முடிந்ததென்று சரித்திர நூல்கள் அத்தியாயத்தை மூடிவிடும். ஆனால் கோக்கோ நதியின் கரைகளில் வாழ்பவர் மிஸ்கிற்றோ மக்கள். அவர்களுக்கு அந்நதி எல்லையன்று, ஊரின் நடுத்தெரு. ஒரு கரையில் வீடும் மறுகரையில் தோட்டமுமாக வாழ்ந்தவர்கள் பலர். தோணியிலே ஆற்றைக் கடந்து பயிருக்குச் சென்ற உழவன் ஒருவன், ஒரு நாள் விடியலிலே அந்நிய தேசத்துக்குப் போகின்றவனாகிவிட்டான். அவனை எந்த மன்னரும் எந்தச் சனாதிபதியும் கேட்டதில்லை.

நூறு மணி நேர யுத்தம்

மத்திய அமெரிக்க எல்லைச் சண்டைகளுள் உலகம் நன்கறிந்தது 1969 ஆம் ஆண்டு எல் சல்வடோருக்கும் ஹொண்டூராஸுக்கும் நிகழ்ந்த யுத்தமாகும். அதற்கு 'உதைபந்தாட்ட யுத்தம்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிவிட்டன. பெயர் கவர்ச்சியானது, ஆனால் உண்மையை மறைப்பது.

உண்மை நிலத்தில் இருந்தது. எல் சல்வடோர் ஏறக்குறைய 21,000 சதுரக் கிலோமீற்றர் பரப்பே உடைய சிறுநாடு. ஹொண்டூராஸோ அதனைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் அக்காலத்தில் சனத்தொகை எல் சல்வடோரிலேயே அதிகம். அங்கே கோப்பித் தோட்டங்களான நல்ல நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில் இருந்தது. காணியற்ற கமக்காரர்கள் எல்லையைத் தாண்டி ஹொண்டூராஸிலே காடு வெட்டிப் பயிர்செய்தனர். வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தனர். 1969 அளவில் அவ்வாறு சென்றவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அங்கிருந்தனர். ஹொண்டூராஸிலும் காணிப் பசி எழுந்தபோது, பெருநிலக்காரர்மேல் கை வைப்பதிலும் அயல்நாட்டு ஏழைமேல் கை வைப்பது அரசாங்கத்துக்கு இலகுவாயிற்று. 1962 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், அந்நாட்டிலே பிறவாதார் வெளியேற்றப்படலாயினர். மூட்டை முடிச்சுகளுடன் ஆயிரக்கணக்கானோர் எல் சல்வடோருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதே வாரங்களிலேதான், உலகக் கிண்ணத்துக்கான தெரிவு ஆட்டங்களும் வந்து வாய்த்தன.

யூன் 8 இல் தெகுசிகல்பா நகரில் ஹொண்டூராஸ் வென்றது. யூன் 15 இல் சான் சல்வடோர் நகரில் எல் சல்வடோர் வென்றது. இரண்டிடத்தும் விருந்தாளிகளாக வந்த ஆட்டக்காரரும் ஆதரவாளரும் பட்ட பாடு கொஞ்சமன்று. மெக்சிக்கோ நகரிலே நடந்த மூன்றாம் ஆட்டத்தில் எல் சல்வடோர் 3–2 என்ற கணக்கில் வெற்றிபெற்றது. இரு நாடுகளின் இராசதந்திர உறவும் அறுந்தது. யூலை 14 ஆந் திகதி மாலையில் எல் சல்வடோரின் விமானங்கள் குண்டு வீசின. படைகள் எல்லையைக் கடந்தன. அமெரிக்க நாடுகளின் ஸ்தாபனத்தின் முயற்சியால் யூலை 18 இல் போர் நின்றது. நூறு மணி நேரம்! அதற்குள் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கினர். அவருட் பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாத சாதாரண குடிகள். எல் சல்வடோரின் ஆட்டக்குழு அடுத்த ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்று, மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்தானும் போடாது தோற்றுத் திரும்பியது என்பதையும் இங்கே குறிப்பிட்டுவைப்போம்.

போர் நின்றது, பகை நிற்கவில்லை. இரு நாட்டு வர்த்தகம் அற்றுப்போயிற்று. 1960 இல் தொடங்கி நன்கு நடந்துவந்த மத்திய அமெரிக்கப் பொதுச்சந்தை நிலைகுலைந்தது. துரத்தப்பட்டவர்கள் திரும்பிச் சேர்ந்த எல் சல்வடோரிலே காணியில்லை, வேலையில்லை. அந்நெருக்கடியும் ஒரு காரணமாக, ஏறக்குறையப் பத்தாண்டு கழிந்த அளவில் அந்நாடு உள்நாட்டு யுத்தத்தில் வீழ்ந்தது. 1980 ஆம் ஆண்டு மே 14 ஆந் திகதி நிகழ்ந்தது நெஞ்சை உருக்குவது. படையினருக்கு அஞ்சி ஓடிய கிராமத்தவர்கள் எல்லையிலுள்ள சும்புல் ஆற்றைக் கடந்து ஹொண்டூராஸினுட் புக முயன்றனர். பின்னால் எல் சல்வடோர்ப் படை. முன்னாலே கரையேற விடாது தடுத்த ஹொண்டூராஸ்ப் படை. பெண்களும் பிள்ளைகளுமாக முந்நூறு பேருக்குக் குறையாதோர் கொல்லப்பட்டனரென்று, பின்னர் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் அமைந்த உண்மை விசாரணைக் குழு கண்டது. பகைவராயிருந்த இரு படைகள் ஏழைகளுக்கு எதிரே மட்டும் ஒன்றுபட்ட கொடுமையை அந்த ஆறு கண்டது.

பழைய உறுதிகளும் புதிய குடிகளும்

அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரு நாடுகளும் பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவிலே சமாதான உடன்படிக்கை செய்தன. எல்லையின் பெரும்பகுதி அதனால் முடிவாயிற்று. முடியாதிருந்தவை ஆறு துண்டு நிலங்களும், பொன்சேகா குடாவின் தீவுகளும் கடலுமே. அத்துண்டுகளை அவர்கள் 'பைகள்' எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் வழங்கினர். 1986 இல் இரு நாடுகளும் மனமொத்து அவ்வழக்கை ஹேக் நகருக்குக் கொண்டுசென்றன.

நீதிமன்றம் அதனை ஆராய்ந்த முறை வியக்கத்தக்கது. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஸ்பானிய அதிகாரிகள் ஆதிக்குடிகளின் கிராமங்களுக்கு வழங்கிய பொதுக்காணிப் பத்திரங்களை நீதிபதிகள் விரித்துப் படித்தனர். எந்த மலைமுகட்டிலிருந்து எந்த ஓடைவரை, எந்தக் கற்குவியலிலிருந்து எந்தக் கணவாய்வரை நில அளவையாளன் கயிறு பிடித்தான் என்று வரிவரியாகத் தேடினர். 1992 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆந் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. வழக்கிலிருந்த ஏறக்குறைய 440 சதுரக் கிலோமீற்றர் நிலத்தில் மூன்றில் இரு பங்கு அளவுக்கு ஹொண்டூராஸுக்கும், எஞ்சியது எல் சல்வடோருக்கும் கிடைத்தன. தீவுகளுள் எல் டிக்ரே ஹொண்டூராஸுக்கும், மெயங்குவேராவும் மெயங்குவெரித்தாவும் எல் சல்வடோருக்கும் என முடிவாயின. கரையோரக் கீற்று நீங்கலான குடாக் கடல், நிக்கராகுவா உட்பட மூன்று நாடுகளுக்கும் பொதுச் சொத்தாயிற்று.

உறுதிகள் நியாயம் பேசின. ஆனால் அந்நிலங்களில் அப்பொழுது வாழ்ந்தவர்கள் யார்? நாவாத்தெரிக்கே என்னும் மலைப்பகுதியை எடுத்துக்கொள்வோம். அது ஹொண்டூராஸுக்குச் சென்றது. அங்கிருந்த குடிகளோ எல் சல்வடோர் மக்கள். பிறப்புப் பதிவும் கல்வியும் உறவும் சந்தையும் அவர்களுக்கு எல் சல்வடோரிலேயே இருந்தன. வீட்டை விட்டு ஓரடி பெயராமலே அவர்கள் அந்நிய நாட்டவராயினர். நீதிபதிகள் இதனை அறியாதவரல்லர். தீர்ப்பின் பயனாக ஒரு நாட்டவர் மற்ற நாட்டு நிலத்தில் அகப்பட நேருமென்பதையும், அவர்களது உரிமைகளைக் காக்க இரு அரசாங்கங்களும் ஆவன செய்யுமென்ற தம் நம்பிக்கையையும் தீர்ப்பிலேயே எழுதிவைத்தனர். ஆயினும் அம்மக்களின் நாட்டுரிமையையும் காணியுரிமையையும் பற்றிய உடன்படிக்கை 1998 ஆம் ஆண்டு சனவரி 19 ஆந் திகதியே கைச்சாத்தாயிற்று. கோடு கீறி ஐந்து ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்பே குடிகளின் முறை வந்தது! நிலத்துக்கு வழி கண்ட அன்றே மனிதனுக்கும் வழி கண்டிருக்கவேண்டாமா?

இடம் மாறும் நதி

தெற்கே செல்வோம். நிக்கராகுவாப் பேரேரியிலிருந்து கரீபியன் கடல்வரை ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஓடுவது சான் ஹுவான் நதி. பனாமாக் கால்வாய் வெட்டப்படுமுன், இரு சமுத்திரங்களையும் இணைக்கும் கால்வாய் இந்நதி வழியாகவே அமையுமென்று பலர் கனவு கண்டனர். 1858 ஆம் ஆண்டு ஏப்ரில் 15 ஆந் திகதி நிக்கராகுவாவும் கொஸ்தா ரிக்காவும் செய்த உடன்படிக்கையின்படி, நதி முழுவதும் நிக்கராகுவாவுக்கு உரியது. அதன் கீழ்ப்பகுதியிலே வலக்கரை கொஸ்தா ரிக்காவின் எல்லை. ஆனால் வர்த்தகத்துக்காக அந்நீரிலே கலஞ்செலுத்தும் உரிமை கொஸ்தா ரிக்காவுக்கு என்றென்றும் உண்டு. உடன்படிக்கை செல்லுமா என்று ஐயம் எழுந்தபோது, ஐக்கிய அமெரிக்கச் சனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து 1888 இல் அது செல்லுமென்று தீர்த்துவைத்தார். 1897 இல் எல்லையை நிலத்தில் அளந்து குறித்த பொறியியலாளர் அலெக்சாண்டர், வண்டல் நிலத்தில் ஓடும் இந்நதியின் கரைகள் காலப்போக்கில் மாறும் என்பதையும் முன்கூட்டியே குறிப்பிட்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது. நதி கடலை அணுகுமிடத்திலே பெரும்பாலான நீர் கொஸ்தா ரிக்காவுக்குள் ஓடும் கொலராடோ என்னுங் கிளையிற் சென்றுவிட, பழைய கிளை மண்மூடி மெலிந்தது. அதனைத் தூர்வாரும் வேலையை நிக்கராகுவா 2010 இல் தொடங்கிற்று. அவ்வேளையில் முகத்துவாரத்திலுள்ள ஏறத்தாழ மூன்று சதுரக் கிலோமீற்றர் சதுப்பு நிலத்திலே மரங்களை வெட்டி வாய்க்கால் தோண்டியது, படைவீரரும் நிறுத்தப்பட்டனர். பணியை நடத்திய எடென் பஸ்தோரா, கூகிள் நிறுவனத்தின் தேசப்படத்திலே அந்நிலம் நிக்கராகுவாவினதாகக் காட்டப்பட்டிருப்பதைச் சுட்டினார். படத்திலே பிழை இருப்பதை ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் அதனைத் திருத்தியது. 1937 இல் முத்திரை செய்த வேலையை 2010 இல் கணினித் திரை செய்தது எனலாம்.

கொஸ்தா ரிக்காவுக்கு இராணுவம் இல்லை. 1948 இலேயே அதனைக் கலைத்துவிட்ட நாடு அது. அது வழக்கறிஞர்களையே அனுப்பியது. 2015 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி, அச்சதுப்பு நிலம் கொஸ்தா ரிக்காவுக்கே உரியதென்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பிலே, சூழலுக்கு நேரக்கூடிய கேட்டை முன்னரே ஆராயாது நதிக்கரையோரமாகத் தெரு அமைத்தது கொஸ்தா ரிக்காவின் தவறு என்றுங் கண்டது. 2018 இல், வெட்டிய மரத்துக்கும் கெடுத்த சதுப்புக்கும் செலவுக்குமாக நிக்கராகுவா 3,78,890 டொலரும் சில சதமும் கொடுக்கவேண்டுமென்று கணக்கிட்டது. நிக்கராகுவா அத்தொகையைச் செலுத்திவிட்டது. இயற்கைக்கு இழைத்த கேட்டுக்கு அந்நீதிமன்றம் நட்டஈடு விதித்தது அதுவே முதன்முறை.

இவற்றினும் எமது மனத்தைக் கவர்வது, 2009 ஆம் ஆண்டின் தீர்ப்பிலே காணப்படும் ஒரு சிறு பகுதி. கொஸ்தா ரிக்காக் கரையில் வாழும் ஏழைகள் தம் வயிற்றுப் பிழைப்புக்காக அந்நதியில் நெடுங்காலமாக மீன்பிடித்து வந்தனர். எந்த உடன்படிக்கையிலும் அது எழுதப்படவில்லை. ஆயினும், நெடுநாள் வழக்கமே உரிமையாகும் என்று கொண்டு, நிக்கராகுவா அவ்வுரிமையை மதிக்கவேண்டுமென நீதிமன்றம் தீர்த்தது. அரசர்களும் சனாதிபதிகளும் கைச்சாத்திட்ட பத்திரங்களுக்கு நடுவே தூண்டிற்காரன் ஒருவனுக்கும் இடம் கிடைத்தது.

குடிகளைக் கேட்ட வழக்கு

ஈற்றாக, குவாத்தமாலாவும் பெலீஸும். 1859 இல் பிரித்தானியாவும் குவாத்தமாலாவும் செய்த உடன்படிக்கை பெலீஸின் எல்லையை வகுத்தது. அதன் ஏழாம் பிரிவிலே, குவாத்தமாலா நகரிலிருந்து அத்திலாந்திக் கரைக்கு ஒரு பாதை அமைக்க இரு தரப்பாரும் சேர்ந்து முயல்வதாக வாக்களித்திருந்தனர். பாதை அமையவேயில்லை. வாக்குத் தவறியதால் உடன்படிக்கையும் ஒழிந்தது, நிலம் எமதே, என்று குவாத்தமாலா பின்னர் வாதாடிற்று. பெலீஸின் சுதந்திரத்தையே பத்தாண்டு கழித்து 1991 இலேதான் அது அங்கீகரித்தது. அப்பொழுதும் நிலத்துக்கான உரிமைக்கோரிக்கையைக் கைவிடவில்லை.

ஆயினும் இவ்வழக்கிலே ஒரு புதுமை உண்டு. ஹேக் நகருக்குச் செல்வதா இல்லையா என்பதை இரு நாடுகளும் தத்தம் மக்களிடமே கேட்டன. 2018 ஏப்ரிலில் குவாத்தமாலாவில் வாக்களித்தோருள் 95 வீதத்துக்கு மேற்பட்டோரும், 2019 மே மாதத்தில் பெலீஸில் 55 வீதத்துக்குச் சற்று மேற்பட்டோரும் ஆம் என்றனர். 2019 இலேயே வழக்கு ஹேக் நகரை அடைந்தது. தீர்ப்பு எதுவாயினும், 'எம்மைக் கேளாமல் எம் நாட்டைப் பங்கிட்டார்கள்' என்று நாளைக்கு எவரும் எளிதிற் சொல்ல முடியாது. முத்திரைக்காக வீதியில் இறங்கிய காலத்துக்கும் வாக்குச்சீட்டுடன் வரிசையில் நின்ற காலத்துக்கும் இடையே எத்துணைத் தூரம்!

நாம் பெறும் பாடம்

சிறு நாடுகளின் சில்லறைச் சச்சரவு என்று இவற்றைத் தள்ளிவிடுவோர் ஒன்றை மறக்கலாகாது. நிலையாக அமர்ந்து நாடுகளின் வழக்கைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றத்தை உலகிலே முதன்முதல் நிறுவியவை இந்த ஐந்து சிறு நாடுகளே. 1907 இல் உடன்பட்டு, 1908 இல் கொஸ்தா ரிக்காவின் கார்த்தாகோ நகரிலே அதனைத் திறந்தன. அரசாங்கங்கள் மட்டுமன்றித் தனி மனிதரும் அங்கே முறையிடலாம். பத்தாண்டில், பெருவல்லரசின் விருப்பத்துக்கு மாறாகத் தீர்ப்புச் சொன்ன பின்னர், அது ஆதரவிழந்து 1918 இல் மறைந்தது. எனினும் அந்த எண்ணம் மறையவில்லை. போராடிச் சலித்த ஒவ்வொரு முறையும் இந்நாடுகள் நீதிமன்றத்தின் வாயிலுக்கே திரும்பி வந்திருக்கின்றன.

போர் எந்த எல்லையையும் அங்கே முடித்துவைக்கவில்லை. நூறு மணி நேரச் சண்டைக்குப் பின்னும் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. முடித்துவைத்தவை, இரு தரப்பாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நடுவர்களின் தீர்ப்புகளே. அவையும் பாதி வேலையையே செய்தன. மிஸ்கிற்றோ உழவனுக்கு ஆற்றைக் கடக்கும் உரிமையும், நாவாத்தெரிக்கே வாசிக்கு நாட்டுரிமையும், சான் ஹுவான் கரை ஏழைக்கு மீன்பிடி உரிமையும் வேண்டியிருந்தன. அவற்றுக்கு வழி செய்யாத இடத்திலே வழக்குத் தீர்ந்தும் துயரம் தீரவில்லை.

மாணவர்கள் பரீட்சைக்காக உலகப்படம் கீறும்போது எல்லைக்கோட்டை மை தொட்டு ஓர் இழையாக இழுத்துவிடுகின்றனர். மயிரிழை அளவான அக்கோட்டுக்கு நிலத்திலே அகலம் உண்டு. அதன் மேல் வீடுகளும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. கோட்டைக் கீறுகின்ற கை எவருடையதாயினும், அவ்வீடுகளை எண்ணிவிட்டுக் கீறுவதே முறை.